குடிக்க அழைத்தவர்

தீபாவளி, பொங்கல், ஆண்டுக் கடைசி என்று நாலு நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைத்தால், நண்பர்கள் ஒருவர் வீட்டில் கூடிக் குடிப்பது தமிழ்நாட்டு நகரங்களில் இன்று சாதாரணம். அதற்குத் திட்டமும் போடத்தான் செய்கிறார்கள். அந்தத் திட்டத்தைக் கிட்டப்போய்ப் பார்த்தால் அது வெறும் பெருக்கல் கணக்காக இருக்கும். எட்டுப் பேருக்கு, ஆளுக்கு ஒரு குவாட்டர் வீதம், இரண்டு ஃபுல். பீர் போதும் என்கிற இருவருக்குத் தனியே நாலு பாட்டில். நடுவில் தீர்ந்துவிட்டால் கடை மூடியிருக்கும் என்பதால் கையிருப்பாக ஒரு ஆஃப். பிறகு சோடா, தண்ணீர் கேன், பிளாஸ்டிக் தம்ளர், சைடிஷ். மொத்தத் தொகையைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்து வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டால் திட்டம் முடிந்தது. எத்தனை மணிக்கு நிறுத்துவது, யார் ஊற்றுவது, சாப்பாடு எப்போது, பைக்கில் வந்தவர் எப்படிப் போவார், அளவு மீறியவரை யார் பார்த்துக்கொள்வது என்பதெல்லாம் இந்தக் கணக்கில் ஒரு வரியாகக்கூட வருவதில்லை. குடிப்பதற்கு ஆள் சேர்ந்திருக்கிறது. அழைத்தவர் என்று ஒருவர் இல்லை. வீடு கொடுத்தவரும் மற்றவர்களைப் போல் பங்குப் பணம் போட்ட ஒரு வாடிக்கையாளர்தான். ஒரு வேளைச் சோற்றுக்கு அழைத்தாலே வந்தவர் வயிறு நிறைந்ததா, பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தாரா என்று கேட்கிற சமூகம் இது. மது என்று வந்ததும் அந்த விருந்து முறை முழுவதையும் வாசலிலேயே கழற்றி வைத்துவிடுகிறது. வீட்டில் நடக்கும் குடியால் விளையும் கேடுகளில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது என்பது என் வாதம்.

இது தனிமனிதர்களின் அசட்டையால் மட்டும் வந்ததென்று சொல்ல மாட்டேன். மதுவைப் பற்றி இந்த மாநிலம் பேசிய பேச்செல்லாம் கடையைப் பற்றிய பேச்சு. 1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்ததிலிருந்து, 1971இல் அது நீக்கப்பட்டது, சில ஆண்டுகளில் திரும்ப வந்தது, 1981இல் மறுபடியும் திறந்தது, 1987இல் கள்ளும் சாராயமும் தடைசெய்யப்பட்டது, 1983இல் உருவான டாஸ்மாக் 2003இல் சில்லறை விற்பனையையும் தன் கைக்குக் கொண்டுவந்தது என்று எண்பது ஆண்டுக்கு மேலான வரலாறு முழுக்கத் திறப்பதா மூடுவதா என்கிற ஒரே கேள்வியில் ஓடியிருக்கிறது. 2023-24இல் மது விற்பனையால் அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். இவ்வளவு விற்கிற நாட்டில், வாங்கியதை எங்கே உட்கார்ந்து எப்படிக் குடிப்பது என்ற கேள்விக்குப் பதில் சொல்ல யாருமில்லை. கடை வாசலிலும் காலி மனையிலும் நின்றபடியே குவாட்டரைத் திறந்து, தண்ணீர் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து ஊற்றி, இரண்டு மடக்கில் முடித்துவிட்டு, ஊறுகாயை நக்கிக்கொண்டு நகர்கிற பழக்கம் அப்படித்தான் உருவானது. யாராவது பார்த்துவிடுவார்கள், போலீஸ் வரும், வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில் பிறந்த வேகம் அது. அந்தப் பயத்துக்கு இடமே இல்லாத, கதவு சாத்திய, மின்விசிறி ஓடுகிற கூடத்திலும் அதே வேகத்தில்தான் குடிக்கிறார்கள். குவாட்டர் என்பது பாட்டிலின் அளவு. அதுவே ஒரு மனிதனின் அளவாகவும் ஆகிவிட்டது.

நம் பழைய நூல்கள் காட்டும் குடி இப்படி இல்லை. அதியமான் இறந்தபோது ஔவை பாடிய புறநானூற்றுப் பாட்டு, அவன் மதுவைப் பகிர்ந்த விதத்தைச் சொல்லித்தான் தொடங்குகிறது. கொஞ்சமாகக் கிடைத்தால் அவளுக்கே கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் அவள் குடித்துப் பாட, எஞ்சியதைத் தான் குடித்து மகிழ்வான். பெரும்பாணாற்றுப்படையில் வீட்டிலேயே ஆக்கிய தோப்பி என்ற கள் வருகிறது. இவற்றைக் காட்டிப் பழந்தமிழர் குடித்தார்கள், ஆகவே நாமும் குடிக்கலாம் என்று வாதிடுவது மலிவான வேலை. மன்னனுக்கும் பாணனுக்கும் இடையிலிருந்தது புரவலர் உறவு. சமமான நண்பர்களின் கூட்டமல்ல. ஆனாலும் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. அங்கே மது ஒருவர் கையிலிருந்து இன்னொருவருக்குப் போகிறது. எவ்வளவு இருக்கிறது, யாருக்கு முதலில் என்று கொடுப்பவர் பார்த்துக் கொடுக்கிறார். ஆளுக்கொரு பாட்டிலைத் திறந்து வைத்துக்கொள்வதில் அந்தக் கை காணாமல் போய்விடுகிறது.

அந்தக் கை ஏன் வேண்டும் என்பதற்கு உடம்பே சாட்சி. இங்கே விற்கிற பிராந்தி, ரம், விஸ்கியில் பெரும்பாலும் 42.8 சதவீதம் ஆல்கஹால். 60 மில்லி லார்ஜ் ஒன்றில் சுமார் 20 கிராம். ஈரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் கரைக்கும். அதை முடுக்கிவிட எலுமிச்சைச் சாற்றாலோ மோராலோ கருங்காப்பியாலோ குளிர்ந்த நீராலோ முடியாது. ஆக ஒரு லார்ஜ் தீர இரண்டு மணி நேரமும் அதற்கு மேலும் ஆகும். ஒரு குவாட்டர் தீர 6 முதல் 9 மணி நேரம். இரவு எட்டுக்குத் தொடங்கிப் பன்னிரண்டுக்கு முடிகிற கூட்டத்தில் உடம்பு கரைக்கக்கூடியது இரண்டு லார்ஜுக்கும் குறைவு. ஆளுக்கு ஒரு குவாட்டர் என்று கணக்குப் போடும்போதே, நள்ளிரவில் எல்லோரும் இன்னும் போதையில்தான் இருப்பார்கள் என்று முடிவு செய்தாகிவிட்டது. குடித்தது ரத்தத்தில் உச்சத்துக்கு வர அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் பிடிக்கிறது என்பது இன்னொரு சிக்கல். இருபது நிமிடத்தில், ‘ஒண்ணுமே ஏறல மாப்ள’ என்று அடுத்ததை ஊற்றிக்கொள்பவர் பொய் சொல்லவில்லை. முதல் லார்ஜ் அவருக்கு இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். தன் நிலையைத் தானே கணிக்க முடியாத நேரம் அது. வெளியிலிருந்து பார்க்க இன்னொருவர் வேண்டும்.

சாப்பாட்டு வரிசையும் இதோடு சேர்ந்ததே. நம் வழக்கத்தில் முதலில் மிக்சர், மசாலாக் கடலை, மிளகுத்தூள் தூவிய அவித்த முட்டை, காரம் தூக்கலான சில்லி சிக்கன் எல்லாம் வரும். இவற்றில் பெரும்பாலானவை உப்பும் காரமும். தாகத்தைக் கிளப்பி இன்னும் குடிக்க வைப்பவை. பிரியாணிப் பொட்டலங்கள் சமையல் மேடையில் கட்டுப் பிரியாமல் கிடக்கும். சாப்பிட்டுவிட்டால் போதை ஏறாது, கொடுத்த காசுக்கு வீண் என்பது நியாயம். பதினொன்றரைக்குப் பொட்டலம் பிரிக்கும்போது சோறு ஆறி நெய் உறைந்திருக்கும். பாதிப் பேர் சாப்பிடும் நிலையில் இருக்கமாட்டார்கள். மறுநாள் காலை அது குப்பைக்குப் போகும். வெறும் வயிற்றில் மது விரைவாக ரத்தத்தில் கலக்கும், உண்ட வயிற்றில் மெதுவாகக் கலக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. தெரிந்திருந்தும் வரிசையைத் தலைகீழாக வைத்திருக்கிறோம். அழைத்தவர் என்ற பொறுப்பை ஒருவர் ஏற்றால் அவர் செய்யவேண்டிய முதல் வேலை இதை நேராக்குவதுதான். ஏழரைக்கு இட்லியோ தோசையோ சோறோ சூடாகப் போட்டுவிட வேண்டும். அதன் பிறகு பாட்டில் திறக்கலாம். அளக்கிற கிண்ணி ஒன்று வேண்டும். கண் அளவில் ஊற்றும் லார்ஜ் இரவு வளர வளரப் பெரிதாகிக்கொண்டே போகும்.

இப்படி விதி வைத்தால் கொண்டாட்டம் செத்துவிடும், நண்பர்கள் கூடுவதே கட்டுப்பாட்டை விட்டுவிடத்தானே என்பது முதலில் வரும் ஆட்சேபம். நான் இதை ஒதுக்கிவிட மாட்டேன். வேலையிலும் குடும்பத்திலும் நாள் முழுக்க அடங்கி இருப்பவருக்கு நண்பர்கள் நடுவில் கொஞ்சம் தளர்ந்து உட்கார ஓர் இரவு வேண்டியிருக்கிறது. ஆனால் முறை இருந்தால் பேச்சு செத்துவிடும் என்பதற்கு நேர்மாறான சான்று, குடிக்கூட்டம் பற்றி எழுதப்பட்டவற்றுள் தலையாயது என்று சொல்லத்தக்க நூலிலேயே இருக்கிறது. பிளேட்டோவின் ‘சிம்போசியம்’ நடப்பது அகத்தோன் என்ற நாடகாசிரியரின் வீட்டில்; கி.மு. 416இல் தன் முதல் வெற்றியைக் கொண்டாட அவர் நண்பர்களை அழைத்திருக்கிறார். வந்தவர்களில் பலர் முந்தின நாள் அதிகமாகக் குடித்து அந்த அலுப்போடு இருப்பவர்கள். இன்று யாரும் யாரையும் வற்புறுத்தக் கூடாது, அவரவர் விருப்பப்படி குடிக்கலாம் என்று முடிவாகிறது. எரிக்சிமாக்கஸ் என்ற வைத்தியர் அதை முறைப்படுத்தி, ஒவ்வொருவராகக் காதலைப் பற்றிப் பேசலாம் என்கிறார். இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளாகப் படிக்கப்படும் அந்தப் பேச்செல்லாம் இந்த ஏற்பாட்டின்கீழ் பேசப்பட்டவை. பிறகு அல்சிபையாடிஸ் என்பவர் போதையில் வந்து நுழைந்து, இனிக் குடிக்குத் தானே தலைவன் என்று அறிவிக்கிறார். அவரும் ஓர் அருமையான உரை ஆற்றுகிறார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் பிறகு இன்னொரு கும்பல் புகுந்து, ஒழுங்கு குலைந்து, எல்லோரும் அளவில்லாமல் குடிக்க நேரும்போது முறைவைத்த பேச்சு நின்றுபோகிறது. சிலர் எழுந்து போகிறார்கள், சிலர் தூங்கிவிடுகிறார்கள். ‘சட்டங்கள்’ என்ற நூலில் பிளேட்டோ இதையே கொள்கையாகவும் சொல்கிறார்: குடிக்கூட்டத்துக்குத் தலைவர் வேண்டும், அவர் போதையில்லாதவராக இருக்க வேண்டும்.

ஜார்ஜியாவில் இன்றும் விருந்து மேசைக்குத் தமதா என்ற தலைவர் உண்டு. அவர் ஒவ்வொன்றையும் நினைவுகூர்ந்து வாழ்த்துச் சொல்லிய பிறகே கோப்பை உயரும். நாட்டுக்கு ஒன்று, இறந்தவர்களுக்கு ஒன்று, குழந்தைகளுக்கு ஒன்று என்று இரவு முழுக்க அது போகும். அங்கே குடிக்கும் அளவு மிக அதிகம். அதில் நாம் பின்பற்ற ஒன்றுமில்லை. நான் எடுத்துக்கொள்வது, ஒரு கோப்பைக்கும் அடுத்த கோப்பைக்கும் நடுவே பேச்சு இருந்தாக வேண்டும் என்கிற ஏற்பாட்டை. நம் கூட்டங்களில் பதினோரு மணிக்கு மேல் என்ன பேசப்படுகிறது என்று நினைத்துப் பார்த்தால் போதும். சொன்னதையே சொல்வது, பழைய கடன், பழைய பகை, பிறகு அழுகை. ஒரு நண்பரின் மனக்குறையைக் கேட்க வேண்டுமென்றால், அவர் சொன்னது மறுநாள் கேட்டவருக்கும் நினைவிருக்க வேண்டும்.

இனி, வீடு. நகரத்தில் இந்த அழைப்பு பெரும்பாலும் எப்படி வருகிறது? மனைவியும் பிள்ளைகளும் ஊருக்குப் போயிருக்கிறார்கள், வீடு காலி, வாங்கடா. பண்டிகை முடிந்து அவர்கள் தாய்வீட்டில் இரண்டு நாள் தங்கும் இடைவெளியில்தான் கூட்டம். வீட்டில் வாழ்பவர்கள் இல்லாதபோது மட்டும் நடத்த முடிவது வீட்டு விருந்து ஆகாது. அது கதவு சாத்திய பார். அவர்கள் திரும்பி வரும்போது தரையில் பிசுபிசுப்பு, குளியலறையில் நாற்றம், பால்கனித் தொட்டியில் சிகரெட் துண்டு. அதைக் கழுவுபவர் அழைக்கப்பட்டவரும் அல்ல, கேட்கப்பட்டவரும் அல்ல. அவர் வீட்டிலேயே இருக்கும்போது நடந்தால் நிலைமை இன்னும் மோசம். ஆம்லெட் போட்டுக் கொடுத்தபடி அடுக்களைக்குள் அடைபட்டுக் கிடக்க வேண்டும், பிள்ளைகளைப் படுக்கையறையில் வைத்து டிவியின் சத்தத்தைக் கூட்ட வேண்டும். அந்த வீட்டின் பெண் தயங்காமல் ‘வேண்டாம்’ என்று சொல்லக்கூடிய நிலை இருந்து, அவர் சரி என்று சொன்னால் மட்டுமே அந்த வீடு இதற்கான இடம். சமைப்பதும் கழுவுவதும் வந்தவர்கள் வேலை. அவர் கூடத்தில் வந்து உட்கார விரும்பினால், குடித்தாலும் குடிக்காவிட்டாலும், அங்கே அவருக்கு நாற்காலி இருக்க வேண்டும். அவர் உட்கார்ந்தால் பேச முடியாத பேச்சு என்று ஒன்று இருக்குமானால், அதை எந்த வீட்டிலும் பேசாமலிருப்பதே நல்லது.

குடிக்காதவருக்கும் இதே கணக்குத்தான். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் குடிப்பவர் ஏறக்குறைய 25 சதவீதம். பெண்களில் 1 சதவீதம்கூட இல்லை. தாங்களாகவே சொன்ன பதில் என்பதால் உண்மை கொஞ்சம் கூடவே இருக்கலாம். அப்படியிருந்தும் நாலில் மூன்று ஆண்கள் குடிக்காதவர்கள் என்பது நம்மில் பலர் எதிர்பாராத செய்தி. வெளியே பெரும்பான்மையாக இருப்பவர் கூட்டத்துக்குள் வந்ததும், சைடிஷைக் காலிபண்ண வந்தவர் என்ற கேலிக்கு ஆளாகிறார். ஒரு தம்ளர் பெப்சிக்குப் பங்குப் பணமும் முழுதாகக் கொடுக்கிறார். கடைசியில் எல்லோரையும் வண்டியில் ஏற்றி இறக்குகிற வேலையும் அவர் தலையில் விழுகிறது. அவருக்கென்று நன்னாரி சர்பத்தோ பானகமோ நல்ல காப்பியோ யோசித்து வைத்திருப்பதும், பணத்தைக் குடித்தவர்கள் மட்டும் பிரித்துக்கொள்வதும் சின்ன விஷயங்கள்தான். ஒரு கூட்டத்தில் நட்பு முதன்மையா, சரக்கு முதன்மையா என்பது இந்தச் சின்ன விஷயங்களில் தெரிந்துவிடும்.

திரும்பிப் போவது பற்றிச் சட்டம் தெளிவாக இருக்கிறது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சராசரி உடம்புக்காரர் ஒருவருக்கு ஒரே ஒரு லார்ஜ் அந்த எல்லையைத் தொடவோ தாண்டவோ போதும். ஆகவே ‘நான் ஸ்டெடியாத்தான் இருக்கேன்’ என்பது விவாதத்துக்கே உரியதல்ல. வரும்போதே சாவிகளை வாங்கி வைத்துவிட வேண்டும். பதினொரு மணிக்குக் கேட்டால் சண்டை வரும், ஏழு மணிக்குக் கேட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள். எட்டுப் பேரை அழைப்பவர் எட்டுப் பாய் விரிக்க இடமிருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். மட்டையாகிவிட்டார், தூங்கட்டும் என்று ஒருவரை மல்லாக்கப் படுக்கவைத்து அறைக்கதவைச் சாத்துவதுதான் இந்த இரவின் மிகப் பெரிய ஆபத்து. வாந்தி மூச்சுக்குழாயில் அடைத்தால் உயிர் போகும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, பக்கத்தில் ஒருவர் இருந்து, மூச்சைக் கவனிக்க வேண்டும். எழுப்பியும் எழாவிட்டாலோ மூச்சு மெதுவானாலோ விட்டுவிட்டு வந்தாலோ 108ஐ அழைக்க வேண்டும். போலீஸ் வருமோ, வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்று யோசிக்கிற பத்து நிமிடம் விலைமதிப்பில்லாதது. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்களும் சிலவகை மாத்திரைகள் சாப்பிடுபவர்களும் குடித்தால், சில மணி நேரம் கழித்து ரத்தத்தில் சர்க்கரை வெகுவாக இறங்கிவிடலாம். வியர்வை, உளறல், தள்ளாட்டம் என்று அதன் அறிகுறிகள் போதையைப் போலவே இருக்கும். நாற்பதைத் தாண்டிய நண்பர் கூட்டம் எதிலும் அப்படி ஒருவராவது இருக்கக்கூடும் என்பதால், யார் என்ன மருந்து சாப்பிடுகிறார்கள் என்று அழைத்தவர் அறிந்திருப்பது நாகரிகக் குறைவு ஆகாது.

இவ்வளவும் சொல்வது குடியை மரியாதைப்படுத்துவதாகாதா என்று கேட்பவர்களை நான் மதிக்கிறேன். மதுவிலக்குக் கேட்டுப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் 2015 ஜூலையில் கன்னியாகுமரி மாவட்டத்தில் செல்போன் கோபுரத்தின்மேல் நின்று போராடி உயிர்விட்டார். கடைகளின் முன்னால் உட்கார்ந்து மறியல் செய்த பெண்களின் வாழ்க்கை அனுபவத்துக்கு முன்னால் எந்த வாதமும் சிறியது. மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லையென உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. குடிக்காதிருப்பதே நலம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் குடிக்காதே என்று சொல்வதோடு நம் பொறுப்பு தீர்ந்துவிடுகிறது என்பதை ஏற்க முடியவில்லை. வள்ளுவரின் கள்ளுண்ணாமை அதிகாரமே இதற்கு இடம் தருகிறது. குடித்துக் களிப்பது பெற்ற தாய்க்கே பிடிக்காது என்றும், மறைந்து குடிப்பவனை ஊரார் கண்டுபிடித்துச் சிரிப்பார்கள் என்றும் அவர் சொல்லும்போது, பிறர் கண்ணைத் தவிர்த்துக் குடிப்பதன் இழிவையும் சேர்த்தே சொல்கிறார். கடை வாசலிலும் காலி வீட்டிலும் நாம் செய்வது அந்தத் தவிர்ப்பைத்தான். குடும்பத்தின் கண்ணெதிரில், குடிக்காத நண்பரின் பக்கத்தில், அளந்து ஊற்றுபவரின் பார்வையில் குடிக்க வேண்டியிருந்தால் பலர் குறைவாகக் குடிப்பார்கள். சிலர் குடிக்கவே மாட்டார்கள். அப்படி ஆனால் நல்லதுதானே. குடியை நிறுத்த முடியாத நிலைக்குப் போய்விட்டவருக்கு இந்த ஏற்பாடு உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவருக்கு வேண்டியது மருத்துவம். மீள முயன்றுகொண்டிருக்கும் நண்பரை ‘ஒரு நாள்தானே’ என்று அழைப்பதைவிடக் கொடிய செயல் நட்பில் இல்லை.

இன்னொரு ஆட்சேபத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. கூடமும் பால்கனியும் உள்ளவர்களுக்கு இது சரி; ஒற்றை அறையில் ஐந்து பேர் வாழ்பவர் எங்கே விருந்து வைப்பது? டாஸ்மாக்கின் வாடிக்கையாளர்களில் பெரும்பகுதி அவர்கள். அவர்களுக்குப் பாட்டிலை விற்றுவிட்டு உட்கார நல்ல இடம் தராத அரசு, 2023இல் மண்டபங்களிலும் வீட்டு விழாக்களிலும் மது பரிமாறச் சிறப்பு உரிமம் தரலாம் என்று விதி கொண்டுவந்து, எதிர்ப்பு எழுந்ததும் திருமண மண்டபங்களுக்குக் கிடையாது என்று பின்வாங்கியது. பணமுள்ளவரின் வசதி பற்றி மட்டுமே யோசித்த விதி அது. இந்தக் கட்டுரையும் கூடம் உள்ளவர்களிடம்தான் பேசுகிறது. ஆனால் எல்லா வசதியும் இருந்தும் ஒழுங்காகக் குடிக்காத குற்றம் அவர்களுடையதே. தை 2 திருவள்ளுவர் தினத்தில் கடை மூடியிருக்கும் என்று பொங்கலன்றே இரண்டு நாளுக்குச் சேர்த்து வாங்கி, கையில் இருக்கிறதே என்று ஒரே இரவில் முடிப்பவர்கள் இடமில்லாமல் அப்படிச் செய்வதில்லை.

வாங்குவதற்கு முன் முடிவுசெய்ய வேண்டியவை இரண்டே. ஆளுக்கு இரண்டு லார்ஜ் என்று வைத்து அதற்கு மேல் வீட்டில் பாட்டிலே இல்லாமல் பார்த்துக்கொள்வது ஒன்று; அந்தக் கையிருப்பு ஆஃபை எடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை வராது. அன்றைக்குக் குடிக்காமல் இருந்து ஊற்றப்போவது யார் என்பது மற்றொன்று. வீடு கொடுப்பவரே எப்போதும் அதைச் சுமக்க வேண்டும் என்பதில்லை. நண்பர்கள் முறை வைத்துக்கொள்ளலாம். தீபாவளிக்கு ஒருவர், ஆண்டுக் கடைசிக்கு இன்னொருவர், பொங்கலுக்கு மூன்றாமவர். சாவியை வாங்கி வைப்பதும், பாய் விரிப்பதும், காலையில் காலிப் பாட்டில்களைச் சாக்கில் கட்டிக் கீழே கொண்டுபோவதும் அந்தந்த முறைக்காரர் பொறுப்பு. தன் முறை வரும்போது மறுப்பவரை அடுத்த தடவை சாப்பாட்டுக்கு மட்டும் அழைக்கலாம்.